எறும்பு ஊரக் கல் தேயும். லாரி ஊர ரோடு தேயாதா?

ஒரு தார் ரோடு போடுகிறார்கள். கலவை சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். என்ன செய்வார்கள்? சூடான கலவையில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் போடுவார்கள். நாலரை கிலோ சுத்தியலால் ஒரு பக்கம் 75 அடி, திருப்பிப் போட்டு மறுபக்கம் 75 அடி. நாலு அங்குல விட்டமும் இரண்டரை அங்குல உயரமும் உள்ள ஒரு கறுப்பு வட்டு கிடைக்கும். அதை 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் போட்டுவைத்து, பிறகு ஒரு இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று குறித்துக்கொள்வார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2013-ஆம் ஆண்டு விவரக்குறிப்பின்படி, நெடுஞ்சாலைக்கான கலவை குறைந்தது 9 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும். தாங்கினால் பாஸ்.

இதற்குப் பெயர் மார்ஷல் சோதனை. நசுக்குவது ஒரே ஒரு முறை. சில விநாடிகளில் கதை முடிந்துவிடும்.

அதே கலவை ரோட்டில் போய்ப் படுத்த பிறகு அதன் மேல் ஓடப்போவது எத்தனை சக்கரங்கள்? பெரிய நெடுஞ்சாலை என்றால் பதினைந்து இருபது வருடத்தில் கோடிக்கணக்கில்! ஒரு முறை நசுக்கினால் தாங்குமா என்று கேட்டுவிட்டு, கோடி முறை மிதிபடப் போகும் பொருளுக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம். இதைவிடப் பெரிய வேடிக்கை இருக்க முடியுமா?

ரோடு எப்படிச் சாகிறது?

ஒரு இரும்புக் கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள், அறுக்க முடியாது. அதையே முன்னும் பின்னும் இருபது முறை வளைத்தால் பட்டென்று ஒடிந்துவிடும். ஒவ்வொரு வளைவும் தனியாகப் பார்த்தால் கம்பிக்கு ஒன்றுமே இல்லை. எல்லாம் சேர்ந்துதான் கொல்கிறது. பொறியாளர்கள் இதை ஃபெடீக் என்பார்கள். தமிழில் அயர்ச்சி.

தார் ரோடும் இப்படித்தான். (ஊர் வழக்கில் தார் என்கிறோம். உண்மையில் அது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் மிஞ்சும் பிற்றுமென்.) லாரிச் சக்கரம் மேலே ஏறும்போது ரோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீழே வளைகிறது. அப்போது தார் அடுக்கின் அடிப்பாகம் இழுபடுகிறது. சக்கரம் போனதும் பழைய நிலைக்கு வருகிறது. அடுத்த சக்கரம், அடுத்த இழுப்பு. சில லட்சம் இழுப்புகளில் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு உண்டாகிறது. அது மெல்ல மெல்ல மேலே ஏறி வருகிறது. ஒருநாள் ரோட்டின் முகத்தில் முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடிப்பு தெரிகிறது. அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. சக்கரம் அந்தத் தண்ணீரை அமுக்கி அமுக்கி ஜல்லியைப் பெயர்க்கிறது. பிறகு குழி.

"ஒரு மழைக்கே ரோடு போயிடுச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். பாவம் மழை! பல ரோடுகளில் அது கடைசி அடியை மட்டும்தான் அடிக்கிறது.

மற்ற துறைகள் எப்போதோ கற்ற பாடம்

1842-ல் பாரிஸ் அருகே ஒரு ரயில் எஞ்சினின் அச்சு ஒடிந்து பெரிய விபத்து நடந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் திடீரென்று ஒடிய வேண்டும் என்ற கேள்வி ஐரோப்பா முழுவதும் எழுந்தது. பின்னர் ஜெர்மனியில் அகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்க்கும் இயந்திரங்களைக் கட்டிச் சோதித்தார். இத்தனை பாரத்துக்கு இத்தனை சுழற்சி என்ற கணக்கு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

1954-ல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறின. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஒரு முழு காமெட் விமானத்தையே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, திரும்பத் திரும்ப அழுத்தம் ஏற்றி இறக்கினார்கள். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து சுமார் 3,000 சுழற்சிகளில் உடல் கிழிந்தது. அதன்பிறகு விமானம் வடிவமைக்கும் முறையே மாறிப்போனது.

ரோட்டுக்கும் அப்படி ஒரு பெரிய சோதனை நடந்தது. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் சோதனைக்காகவே வளையம் வளையமாக ரோடு போட்டார்கள். 1958 அக்டோபர் முதல் 1960 நவம்பர் வரை ராணுவ டிரைவர்களை வைத்து லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடத்திலும் 11 லட்சத்துக்கு மேல் அச்சுகள் கடந்தன. செலவு 2 கோடியே 70 லட்சம் டாலர், அதுவும் அந்தக் காலத்துப் பணத்தில்.

அதில் கிடைத்த முக்கியமான பாடம் நான்காம் அடுக்கு விதி. அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை, சுமார் 16 மடங்கு ஆகிறது! இது தோராயமான விதிதான். ஆனால் உலகம் முழுக்க ரோட்டுக் கணக்கு இன்றும் இதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இந்த விதியை வைத்து ஒரு கணக்கு

2018 ஜூலையில் இந்திய அரசு லாரிகளின் பார வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்று இருந்தது 11.5 டன் ஆனது. ஏறிய பாரம் 13 சதவீதத்துக்கும் குறைவு. பெரிதாகத் தெரியவில்லை அல்லவா? நான்காம் அடுக்கில் போட்டுப் பாருங்கள். சேதம் சுமார் 62 சதவீதம் கூடுகிறது. ரோடு வடிவமைப்பில் அளவுகோலாக வைத்திருக்கும் நிலையான அச்சு 80 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 8.16 டன். 11.5 டன் அச்சு ஒரு முறை போனால் நிலையான அச்சு நான்கு முறை போன மாதிரி.

இது சட்டப்படி ஏற்றிய பாரத்துக்கு. மணல் லாரியும் கருங்கல் லாரியும் ஏற்றும் பாரத்தை நினைத்தாலே தலை சுற்றும்.

இதில் லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு? ஒரே நடையில் அதிகச் சரக்கு போவதால் டீசல் மிச்சம், டிரைவர் சம்பளம் மிச்சம். அது சரக்கு அனுப்புபவர் கணக்கில் வரவு. கூடுதல் தேய்மானம் ரோட்டின் கணக்கில் பற்று. ரோட்டுக்குத் தனியாகக் கணக்குப் புத்தகம் இருக்கிறதா? அதுதான் இல்லை. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருவோம்.

சோதிக்க வழியே இல்லையா?

இருக்கிறது. தாராளமாக இருக்கிறது.

முதலாவது, நான்கு புள்ளி வளைவுச் சோதனை. கலவையை 38 செ.மீ. நீளமுள்ள ஒரு சின்ன உத்தரம் போல அறுத்து, நான்கு இடத்தில் பிடித்து, விநாடிக்கு 10 முறை மேலும் கீழும் வளைப்பார்கள். வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி. ஆரம்பத்தில் இருந்த விறைப்பு பாதியாகக் குறையும்போது எத்தனை வளைவு ஆகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதுதான் அந்தக் கலவையின் அயர்ச்சி ஆயுள். விநாடிக்கு 10 என்றால் பத்து லட்சம் வளைவுக்கு எவ்வளவு நேரம்? 28 மணி நேரம்கூட இல்லை. ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் காலை டிபனுக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது, சக்கரம் ஓட்டும் சோதனை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் பெயரில் வழங்குவது. கலவையைப் பெரும்பாலும் 50 டிகிரி வெந்நீரில் மூழ்கவைத்து, அதன் மேல் இரும்புச் சக்கரத்தை 20,000 முறை வரை ஓட்டுவார்கள். எவ்வளவு பள்ளம் விழுகிறது, தண்ணீரில் தார் ஜல்லியை விட்டுப் பிரிகிறதா என்று இரண்டும் தெரிந்துவிடும். ஆறரை மணி நேர வேலை. டெக்சாஸ் மாநிலம் இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. தாரின் தரத்துக்கு ஏற்ப 10,000 முதல் 20,000 ஓட்டம் வரை 12.5 மி.மீ. பள்ளத்துக்குள் தாங்காத கலவை அங்கே ரோட்டுக்குப் போக முடியாது.

இந்தியாவில் இந்த வசதி இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள் உத்தரத்தை வளைத்து ஆராய்ச்சி செய்கின்றன. டெல்லியில் உள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தில் முழு ரோட்டையே வேகமாகத் தேய்த்துப் பார்க்கும் இயந்திரம் இருக்கிறது. ஆராய்ச்சி முடிவுகள் கருத்தரங்குகளில் வாசிக்கப்படுகின்றன. அன்றாடம் ரோடு போடும் இடத்தில் பார்ப்பது மட்டும் பழையபடி மார்ஷல், தார் அளவு, ஜல்லி அளவு, அடர்த்தி.

படிப்பது ஒன்று, பரீட்சை வேறு

உண்மையான கொடுமை இனிமேல்தான். ரோட்டை வடிவமைக்கும்போது நம் பொறியாளர்கள் ஒற்றை நசுக்கலை வைத்துக் கணக்குப் போடுவதில்லை! இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 37 என்ற வழிகாட்டி நூலின் 2018 பதிப்பைப் பாருங்கள். இத்தனை பத்து லட்சம் அச்சுகள் போகும், தார் அடுக்கின் அடியில் இத்தனை இழுப்பு உண்டாகும், ஆகவே இத்தனை ஆயுள் என்று அயர்ச்சியை வைத்துத்தான் கணக்கு. அந்தச் சமன்பாட்டில் இழுப்பின் அடுக்கு 3.89. அதாவது இழுப்பு வெறும் 10 சதவீதம் கூடினால் ஆயுளில் சுமார் 31 சதவீதம் காலி.

அதே சமன்பாட்டில் கலவையின் காற்றிடைவெளிக்கும் ஒரு பங்கு உண்டு. 4.5 சதவீதக் காற்றும் 11.5 சதவீதத் தாரும் கன அளவில் இருக்கிற கலவை என்று வைத்துக்கொள்வோம். ரோலர் சரியாக ஓடாமல் காற்று மட்டும் 7 சதவீதமாக நின்றுவிட்டால்? நூலின் கணக்குப்படியே ஆயுள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பதினைந்து வருட ரோடு ஐந்து வருட ரோடாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு.

அடர்த்தியைத்தான் சோதிக்கிறார்களே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஒழுங்காகச் சோதித்தால் காற்றைப் பிடித்துவிடலாம். ஆனால் தாரின் குணத்தை அடர்த்தி காட்டாது. கலவை ஆலையில் தாரை அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டால் அது கிழடு தட்டிப்போகும், விறைத்துவிடும். விறைத்த தார் வளைந்து கொடுக்காது, சீக்கிரம் வெடிக்கும். இந்தக் கலவையை மார்ஷல் இயந்திரத்தில் வைத்தால் என்ன ஆகும்? விறைப்பாக இருப்பதால் பெரும்பாலும் கூடுதல் மதிப்பெண் வாங்கும்! தீய்ந்த தோசைக்கு முதல் பரிசு கொடுக்கிற பரீட்சை இது.

மார்ஷலைத் திட்டிப் பயனில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையில் புரூஸ் மார்ஷல் 1930களின் கடைசியில் உருவாக்கிய முறை அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத் தளங்களை அவசரமாகப் போட வேண்டியிருந்ததால், எளிதாக எடுத்துச் செல்லக்கூடிய ஒரு கருவி என்று ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. அந்த வேலைக்கு அது நல்ல கருவி. அமெரிக்காவே 1987-ல் 15 கோடி டாலர் ஒதுக்கி ஐந்தாண்டு ஆராய்ச்சி நடத்தி, பிறகு அங்குள்ள பெரும்பாலான மாநிலங்கள் மார்ஷலை விட்டு விலகிவிட்டன. போர்க்கால அவசரக் கருவியை இன்னும் தலைமை நீதிபதியாக வைத்திருப்பது நம் குற்றம்.

வழக்கமான சால்ஜாப்புகள்

"லேப் வேறு, ரோடு வேறு" என்பார்கள். உண்மைதான். ரோட்டில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே ஓய்வு கிடைக்கிறது, அந்த ஓய்வில் தார் தன் சின்னக் காயங்களைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்கிறது. இயந்திரம் ஓய்வு தருவதில்லை. ஒரே கலவையில் அறுத்த இரண்டு உத்தரங்கள்கூட வேறு வேறு எண் காட்டும். அதனால்தான் பல உத்தரங்களைச் சோதித்து, ஆய்வகத்துக்கும் ரோட்டுக்கும் இடையே ஒரு பெருக்கு எண்ணைப் போட்டுச் சரிசெய்கிறார்கள். இந்த ரோடு எந்தத் தேதியில் வெடிக்கும் என்று யாரும் ஜோசியம் கேட்கவில்லை. எது நல்ல கலவை, எது மோசமான கலவை என்று பிரித்துச் சொன்னால் போதும். இதய டாக்டர் நோயாளியை ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கிறார். வாழ்க்கை ட்ரெட்மில் இல்லை என்பதற்காக அந்தச் சோதனையை யாராவது தூக்கி எறிந்தார்களா?

"செலவாகும்" என்பார்கள். எல்லாக் கிராமத்துத் தெருவுக்கும் கேட்கவில்லை. கனரக லாரி ஓடுகிற, பல கோடி ரூபாய் டெண்டர்களுக்குக் கேட்பதுதான் நியாயம். அந்தத் தொகைக்கு முன்னால் சில உத்தரங்களை வளைக்கும் செலவு கொசுறு.

"ரோடு கெடுவதற்குக் காரணம் தண்ணீர், வடிகால் இல்லாததுதான்" என்பார்கள். பாதி சரி. வடிகால் இல்லாத ரோடு எந்தக் கலவையாலும் பிழைக்காது. ஆனால் தண்ணீரும் சக்கரமும் சேர்ந்துதான் ரோட்டைக் கெடுக்கின்றன. அந்த இரண்டையும் சேர்த்தே சோதிக்கத்தான் ஹாம்பர்க் இயந்திரம் தண்ணீருக்குள் சக்கரம் ஓட்டுகிறது.

கணக்கில் வராத நட்டம்

ஒரு உதாரணம். ஒரு கோடி ரூபாய் ரோடு 15 வருடம் உழைத்தால் வருடத் தேய்மானம் சுமார் 6.67 லட்சம். அதே ரோடு 5 வருடத்தில் போனால் 20 லட்சம். நல்ல கலவைக்கும் சோதனைக்கும் 10 லட்சம் கூடுதலாகக் கொடுத்து 15 வருடம் கிடைத்தால் 7.33 லட்சம்தான். சின்ன மளிகைக் கடைக்காரர்கூட எதை வாங்குவார் என்று சொல்லத் தேவையில்லை.

டெண்டர் முறை எதை வாங்குகிறது? குறைந்த விலைப் புள்ளியை. அதாவது அந்த ஒரு கோடியை. ஆயுளை யாரும் விலையில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் ஆயுளை யாரும் அளப்பதில்லை.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. ஒரு கம்பெனி வாங்கிய இயந்திரம் பாதியில் பழுதானால் அதன் இலாப நட்டக் கணக்கில் அந்த வருடமே நட்டம் விழும். பங்குதாரர்கள் கேள்வி கேட்பார்கள். அரசாங்கக் கணக்கோ ரொக்க முறைக் கணக்கு. பணம் போனது தெரியும், சொத்து தேய்ந்தது தெரியாது. பத்து வருடம் முன்னதாகவே செத்துப்போன ரோட்டுக்கு அரசாங்கப் புத்தகத்தில் ஒரு பைசா நட்டம் கிடையாது. அதே இடத்தில் மறுபடி ரோடு போட்டால், அது புதிய திட்டம், புதிய ஒதுக்கீடு, புதிய திறப்பு விழா! தோல்வி சாதனைப் பட்டியலில் ஏறுகிறது. இப்படி இருக்கும்போது திரும்பத் திரும்ப வரும் பாரத்தைச் சோதிக்க யாருக்கு அக்கறை வரும்?

ஆனால் நட்டம் எங்காவது விழத்தானே வேண்டும்? 2013 முதல் 2017 வரை ஐந்து ஆண்டுகளில் ரோட்டுக் குழிகளால் நடந்த விபத்துகளில் 14,926 பேர் இறந்தார்கள். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த எண்ணைப் பார்த்து, எல்லையில் சாகிறவர்களைவிட இது அதிகமாக இருக்குமே என்று வேதனைப்பட்டது. அத்தனை குழியும் அயர்ச்சியால் வந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பங்கு வந்தது என்றாலும் அந்தப் பங்கு எத்தனை குடும்பங்கள்? தேய்மானக் கணக்கில் வராத நட்டத்தை பைக்கில் போனவர் தன் உயிரால் கட்டியிருக்கிறார்.

கேட்க வேண்டியது நான்கே விஷயம்

ஒன்று, கனரகப் போக்குவரத்துள்ள ஒவ்வொரு ரோட்டுக்கும் ஆலையிலிருந்து வரும் கலவையில் அயர்ச்சிச் சோதனையும் சக்கரச் சோதனையும் கட்டாயமாக வேண்டும். மாதிரி எடுப்பதும் சோதிப்பதும் காண்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது.

இரண்டு, வடிவமைப்பில் எந்த ஆயுளை எழுதினார்களோ அதற்கு ஏற்ற முடிவு வந்தால்தான் முழுப் பில். குறைந்தால் பிடித்தம், கூடினால் ஊக்கத்தொகை. நல்ல வேலை செய்கிற காண்ட்ராக்டரும் பிழைக்க வேண்டும் அல்லவா?

மூன்று, பராமரிப்பையும் போட்டவர் தலையிலேயே கட்ட வேண்டும். 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டது. கிராமத்து ரோட்டுக்கு முடிந்தது கனரக ரோட்டுக்கு, அதைவிட நீண்ட காலத்துக்கு, ஏன் முடியாது?

நான்கு, ரோட்டோரம் வைக்கிறார்களே திட்ட மதிப்பீடு, காண்ட்ராக்டர் பெயர் எழுதிய பலகை, அதில் இன்னும் இரண்டு வரி சேர்க்கட்டும்: எத்தனை லட்சம் அச்சுகளுக்கு இந்த ரோடு வடிவமைக்கப்பட்டது, சோதனையில் எத்தனை சுழற்சி தாங்கியது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூடப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. பொறியாளர்களுக்கும் தெரியும், அவர்களின் நூலிலேயே சமன்பாடாக இருக்கிறது. பில்லில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு மட்டும் இது எப்போது தெரியப் போகிறது?